கஞ்சாவைச் சட்டபூர்வமாக்குவதும் நம் ஓட்டும்: கடலூர், புதுச்சேரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூரில் வழக்கறிஞராக இருக்கிறேன். போதைப்பொருள் பற்றிப் பேசக் கல்லூரிகளுக்கும் ஊர்க் கூட்டங்களுக்கும் கூப்பிடுவார்கள். கடலூர் எல்லையில் இருக்கும் ஆல்பேட்டைக்கு இந்தப் பக்கம் பேசினாலும் புதுச்சேரி எல்லையில் இருக்கும் முள்ளோடைக்கு அந்தப் பக்கம் பேசினாலும், கடைசியில் வரும் சந்தேகங்கள் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. தேர்தல் நெருங்கினால் இன்னும் அதிகம். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, பதில்களைச் சேர்த்திருக்கிறேன்.

கஞ்சா இப்ப சட்டப்படி தப்பா, இல்லையா சார்? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

தப்புதான். 1985-இல் நாடாளுமன்றம் போட்ட போதைப்பொருள் தடுப்புச் சட்டம், கோர்ட்டிலும் காவல் நிலையத்திலும் எல்லோரும் என்.டி.பி.எஸ். என்று சொல்வது, இந்தியா முழுவதற்கும் பொருந்தும். வளர்ப்பது, வைத்திருப்பது, விற்பது, வாங்குவது, கொண்டுபோவது, புகைப்பது எல்லாமே அதில் குற்றம். மருத்துவம், ஆராய்ச்சி ஆகியவற்றுக்கு மட்டும் அனுமதி பெற்று விலக்கு வாங்கலாம்.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், அந்தச் சட்டம் கஞ்சா என்று சொல்வது செடியின் பூத்த, காய்த்த நுனிகளை. நுனியோடு சேராத வெறும் இலையும் விதையும் அந்த விளக்கத்துக்குள் வராது. வட இந்தியாவில் ஹோலிக்கு பாங் குடிக்கிறார்களே, அது இந்த இடைவெளியில்தான். இதைக் கேள்விப்பட்டுவிட்டு இங்கேயும் இலை வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். 1937-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் இலையையும் போதைப்பொருளாகவே சேர்த்திருக்கிறது.

ஒரு கிலோ வரைக்கும் வச்சிருந்தா கேஸ் இல்லையாமே?

கல்லூரிகளில் தவறாமல் வரும் கேள்வி இது. எத்தனையோ பையன்கள் இதை நம்பித்தான் மாட்டுகிறார்கள். ஒரு கிலோ என்பது 'சிறிய அளவு' என்பதற்கான எல்லை. ஐம்பது கிராம் பொட்டலம் வைத்திருந்தாலும் குற்றம்தான். ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. ஒரு கிலோவுக்கு மேல் 20 கிலோவுக்குள் என்றால் பத்தாண்டு வரை போகும். 20 கிலோவைத் தாண்டினால் 'வணிக அளவு': குறைந்தது பத்தாண்டு, அதிகபட்சம் இருபது, ஜாமீன் கிடைப்பதும் மிகக் கடினம். சரஸ் என்ற பிசினுக்கு இந்த எல்லைகள் 100 கிராமும் ஒரு கிலோவும்.

கையில் ஒன்றும் இல்லாமல் புகைத்தது மட்டும் நிரூபிக்கப்பட்டாலும் ஆறு மாதம் வரை சிறையோ பத்தாயிரம் வரை அபராதமோ விதிக்கலாம். தமிழ்நாட்டில் தொடர்ந்து விற்பவர்கள்மேல் குண்டாஸும் பாயும். அதில் விசாரணை இல்லாமலே ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம்.

புதுச்சேரியில சரக்கு இவ்வளவு தாராளமா விக்குது. அரசு நினைச்சா கஞ்சாவுக்கும் லைசென்ஸ் குடுக்க முடியாதா?

முடியாது. மது, அரசியலமைப்பில் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. அதனால்தான் புதுச்சேரிப் பக்கத்துக் கன்னியக்கோயிலில் ஒரு விலை, கடலூரில் ஒரு விலை; புதுச்சேரியில் சாராயக்கடையை ஏலம் விடலாம், தமிழ்நாட்டில் அரசே கடை நடத்தலாம், குஜராத்தில் மொத்தமாகத் தடை போடலாம். கஞ்சா அப்படி இல்லை. நாடாளுமன்றச் சட்டம் அதை மூடி வைத்திருக்கிறது. மாநிலச் சட்டம் அதற்கு முரணாக இருந்தால் நாடாளுமன்றச் சட்டம்தான் நிற்கும். புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம் என்பதால் கட்டு இன்னும் இறுக்கம்.

ஆகவே புதுச்சேரியின் 30 எம்.எல்.ஏ.க்களும் ஒருமனதாகத் தீர்மானம் போட்டாலும் பீச் ரோட்டில் ஒரு கஞ்சாக் கடை திறக்க முடியாது. கடலூர் மாவட்டத்தின் ஒன்பது தொகுதி எம்.எல்.ஏ.க்களுக்கும் இதே நிலைதான். இதை மாற்றுகிற கை டில்லியில் இருக்கிறது. நம் எம்.பி.க்கு அங்கே ஒரு ஓட்டு உண்டு.

அப்ப உத்தராகண்டுல கஞ்சா விவசாயம் பண்றாங்களே, அது எப்படி?

அதே 1985 சட்டத்தில், நாருக்கும் விதைக்கும் மட்டும் செடி வளர்க்க அரசு அனுமதிக்கலாம் என்று 14-ஆம் பிரிவு சொல்கிறது. 2018-இல் உத்தராகண்ட் அப்படித்தான் உரிமம் கொடுத்தது. அங்கே வளர்ப்பது போதை தரும் டி.எச்.சி. 0.3 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாத ரகம். புகைத்தால் ஒன்றும் ஏறாது. துணி, கயிறு, எண்ணெய் என்று போகும். இமாச்சலப் பிரதேசமும் 2023-இல் குழு போட்டு ஆராய்ந்து, அதே வழியில் நகர்ந்துகொண்டிருக்கிறது. 2021 நவம்பரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் செடியின் விதையையும் விதை எண்ணெயையும் உணவாக விற்கவும் அனுமதித்தது.

இந்தச் செய்திகள் வாட்ஸ்அப்பில் வரும்போது 'கஞ்சா சட்டமாகிவிட்டது' என்று சுருங்கிப் போகின்றன. விவசாயி கயிறுக்கு வளர்ப்பது, நோயாளி மருந்துக்கு வாங்குவது, இளைஞன் பொழுதுபோக்குக்குப் புகைப்பது ஆகிய மூன்றும் தனித்தனிக் கேள்விகள். ஒன்றுக்கு ஆதரவு சொல்பவர் மற்றதற்கும் ஆதரவு என்று எடுத்துக்கொண்டால் விவாதம் அங்கேயே கெட்டுவிடும்.

சித்தருங்க காலத்துலேர்ந்து இருந்ததுதானே? அமெரிக்காக்காரன் சொல்லித்தானே தடை போட்டாங்க?

நெடுங்காலமாக இருந்தது உண்மை. சித்த, ஆயுர்வேத மருந்துகளில் இதற்கு இடம் உண்டு. 1893-94-இல் ஆங்கிலேய அரசு அமைத்த இந்தியக் கஞ்சா ஆணையம், இந்தியா முழுக்க விசாரித்துவிட்டு, அளவான பழக்கத்தால் பெரிய தீங்கு தெரியவில்லை, முழுத் தடை தேவையில்லை, வரி போட்டு உரிமம் கொடுத்துக் கட்டுப்படுத்தலாம் என்று எழுதியது. தடை வேண்டாம் என்பவர்களுக்கு இன்றும் அதுதான் பெரிய ஆதாரம். ஆனால் அன்றைய ஆணையம் பார்த்த சரக்கும் இன்று தெருவில் கிடைப்பதும் ஒன்றா என்பதை யாரும் கேட்பதில்லை.

தடையின் வேர் 1961-ஆம் ஆண்டு ஐ.நா. போதைப்பொருள் உடன்படிக்கையில் இருக்கிறது. மேற்கு நாடுகளின் அழுத்தம் அதன் பின்னால் பலமாக இருந்தது. மருத்துவத்துக்கு அல்லாத கஞ்சாவை நிறுத்த, பழக்கம் இருந்த நாடுகளுக்கு 25 ஆண்டு அவகாசம் கிடைத்தது; அது 1989-இல் முடிய இருந்தது. அதற்கு முன்பே, ராஜீவ் காந்தி அரசு 1985-இல் சட்டம் கொண்டுவந்தது. அதே இந்தியா 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையத்தில், கஞ்சாவை மிக ஆபத்தான பொருள்களின் பட்டியலிலிருந்து எடுக்கலாம் என்ற பக்கம் ஓட்டுப் போட்டது. 27-க்கு 25 என்று தீர்மானம் ஜெயித்தது. உள்நாட்டுச் சட்டம் அதனால் ஒரு எழுத்தும் மாறவில்லை.

சரக்கை விட கஞ்சா எவ்வளவோ மேல்னு பசங்க சொல்றாங்க. உண்மையா?

மது இந்த நாட்டில் அழித்த குடும்பங்கள் அதிகம், அதில் சந்தேகமே இல்லை. 2019-இல் வெளியான எய்ம்ஸ் கணக்கெடுப்பின்படி மது குடிப்பவர்கள் 16 கோடி, கஞ்சாச் செடியின் ஏதாவது ஒரு வடிவத்தை ஓராண்டில் பயன்படுத்தியவர்கள் 3.1 கோடி. கஞ்சாவை மட்டும் அதிகமாக எடுத்து மூச்சு நின்று சாவது அபூர்வம் என்பதும் சரி.

ஆனால் அதே கணக்கெடுப்பில் சுமார் 72 லட்சம் பேர் கஞ்சாவால் உதவி தேவைப்படும் நிலையில் இருந்தார்கள். பதினைந்து பதினாறு வயதில் தொடங்குபவர்களுக்கு அடிமையாகும் வாய்ப்பு கூடுதல். தினமும் வீரியமான சரக்கைப் புகைப்பவர்களுக்கும் குடும்பத்தில் மனநோய் வரலாறு உள்ளவர்களுக்கும் மனச்சிதைவு வரும் அபாயம் கூடுகிறது. இருபது வயதுப் பையன் தன்னைப் பக்கத்து வீட்டுக்காரர் வேவு பார்க்கிறார் என்று கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்த பெற்றோரிடம் போய் 'சரக்கை விட மேல்' என்று சொல்ல முடியாது. ஒன்று கெட்டது என்பதால் இன்னொன்று நல்லதாகிவிடாது.

வெளிநாட்டில மக்களே ஓட்டுப் போட்டுக் கொண்டு வந்துட்டாங்க. இங்கயும் ஒரு வாக்கெடுப்பு வச்சா என்ன?

அமெரிக்காவில் பல மாநிலங்களில் போதிய கையெழுத்து சேர்த்தால் ஒரு சட்டத்தை நேரடியாக மக்கள் ஓட்டுக்கு விடலாம். கலிபோர்னியா 1996-இல் மருத்துவக் கஞ்சாவை அப்படி அனுமதித்தது, 2010-இல் பொதுப் பயன்பாடு தோற்றது, 2016-இல் ஜெயித்தது. கொலராடோவும் வாஷிங்டனும் 2012-லேயே ஜெயித்திருந்தன. 2024-க்குள் 24 மாநிலங்கள் வந்துவிட்டன, சில மாநிலங்களில் சட்டமன்றம் வழியாக. இத்தனைக்கும் ஒன்றியச் சட்டத்தில் அங்கே 1970 முதல் தடை இருக்கிறது. அதை அமல்படுத்த மாநிலப் போலீஸைக் கட்டாயப்படுத்த அங்கே முடியாது, அதனால் மாநிலங்கள் தனி வழி போகின்றன. இங்கே என்.டி.பி.எஸ். வழக்குகளில் பெரும்பாலானவற்றைப் போடுவதே மாநிலப் போலீஸ்தான்.

வாக்கெடுப்பு என்றாலே ஜெயிப்பு என்றும் நினைக்க வேண்டாம். நியூசிலாந்தில் 2020-இல் ஆதரவு 48.4 சதவீதம், எதிர்ப்பு 50.7, தோற்றது. புளோரிடாவில் 2024-இல் ஆதரவு ஏறத்தாழ 56 சதவீதம் வந்தும் அங்கே 60 தேவை என்பதால் தோற்றது. அதே நாள் அதே மாநிலத்தில் டிரம்ப் ஏறத்தாழ அதே 56 சதவீதம் வாங்கி ஜெயித்தார். அவர் கஞ்சாவுக்கு ஆதரவாக ஓட்டுப் போடுவேன் என்று சொன்னவர். அவர் கட்சி ஆளுநர் டிசாண்டிஸ் எதிர்த்துப் பிரசாரம் செய்தவர். ஒரே கட்சிக்குள்ளேயே இரண்டு நிலை!

இந்திய அரசியலமைப்பில் ஒரு சட்டத்தை மக்கள் வாக்கெடுப்புக்கு விடும் வழி கிடையாது. நம் பக்கத்தில் வாக்கெடுப்பு என்று நினைவுக்கு வருவது 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் நடந்தது; புதுச்சேரி இந்தியாவோடு சேர வேண்டுமா என்று 178 பிரதிநிதிகள் வாக்களித்து, 170 பேர் ஆம் என்றார்கள். அதுகூடப் பிரதிநிதிகள் போட்ட ஓட்டுத்தான்.

சட்டமாக்குவோம்னு சொன்ன கட்சிக்கு எங்கயாவது ஓட்டு விழுந்திருக்கா?

விழுந்திருக்கிறது. கனடாவில் ஜஸ்டின் ட்ரூடோ 2015 தேர்தலில் வெளிப்படையாக வாக்குறுதி கொடுத்து ஜெயித்தார். 2018 அக்டோபர் 17 முதல் அங்கே விற்பனை தொடங்கியது. ஆனால் அவர் ஜெயித்தது கஞ்சாவால் மட்டும் என்று சொல்ல முடியாது. அந்த வாக்குறுதி பெரிய பட்டியலில் ஒன்று.

நம் ஆட்கள் கூர்ந்து படிக்க வேண்டியது தாய்லாந்துக் கதையை. பூம்ஜாய்தாய் கட்சி 2019 தேர்தலில் கஞ்சாவை விவசாயிகளின் பணப்பயிர் என்று சொல்லி ஓட்டுக் கேட்டது. கூட்டணியில் சேர்ந்து, தலைவர் அனுதின் சுகாதார அமைச்சர் ஆனார். 2022 ஜூனில் கஞ்சா போதைப்பட்டியலிலிருந்து நீங்கியது. ஆனால் யார் விற்கலாம், எந்த வயதுக்கு விற்கலாம் என்று முழுமையான சட்டம் அதோடு வரவில்லை. ஆயிரக்கணக்கில் கடைகள் முளைத்தன. அடுத்த தேர்தலில் மற்றக் கட்சிகள் இதையே எதிர்த்துப் பிரசாரம் செய்தன. 2025 ஜூனில் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று திருப்பிவிட்டார்கள். இடையில் கடன் வாங்கிக் கடை போட்டவர்களும் பயிர் வைத்தவர்களும் நடுத்தெருவில் நின்றார்கள். ஒரு கட்சி கொடுத்ததை இன்னொரு கட்சி பிடுங்கியதில் நஷ்டம் சாதாரண ஜனங்களுக்கு.

ஜெர்மனி 2024 ஏப்ரலில் பெரியவர்கள் 25 கிராம் வரை வைத்திருக்கவும் மூன்று செடி வளர்க்கவும் அனுமதித்தது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் சி.டி.யு. கட்சி அதை ரத்து செய்வோம் என்று சொல்லி ஜெயித்தது. கூட்டணி அமைந்ததும் 'ஆய்வு செய்வோம்' என்று சுருங்கியது.

நம்ம ஊர்க் கட்சிங்க ஏன் இதைப் பத்தி வாயே திறக்க மாட்டேங்குது?

திறக்கிறார்களே, எதிர்த்துத்தான் திறக்கிறார்கள். ஆட்சியில் யார் இருந்தாலும் எதிர்க்கட்சி 'கஞ்சா நடமாட்டம் பெருகிவிட்டது' என்று சொல்லும். ஆட்சியில் இருப்பவர்கள் பிடிபட்ட கஞ்சாவின் கணக்கைக் காட்டுவார்கள். தமிழ்நாடு காவல்துறை 2021 டிசம்பரில் தொடங்கிய 'கஞ்சா வேட்டை' அப்படிப் பல சுற்றுகள் நடந்தது. ஆதரவாகப் பேச இங்கே ஆள் இல்லை. நாடாளுமன்றத்தில் பேசிய ஒன்றிரண்டு பேரும் தனி ஆள்களாகவே பேசினார்கள்: ஒடிசாவின் ததாகத் சத்பதி, பாட்டியாலாவின் தரம்வீர் காந்தி. காந்தி 2016-இல் தனிநபர் மசோதாவுக்கே முயன்றார். எந்தக் கட்சியும் அதைத் தன் அறிக்கையில் ஏற்கவில்லை.

காரணம் எளிது. தமிழ்நாட்டில் போதை என்ற சொல் பெண்கள் ஓட்டோடு பிணைந்தது. 2016 தேர்தலில் பெரிய கட்சிகள் எல்லாமே மதுவைக் குறைப்போம் அல்லது ஒழிப்போம் என்றார்கள். ஜெயலலிதா முதல்வரானதும் போட்ட முதல் கையெழுத்துகளில் ஒன்று 500 டாஸ்மாக் கடைகளை மூடியது. கணவனின் குடியால் நொந்த பெண்ணிடம் போய் இன்னொரு கடை திறக்கிறேன் என்று எவன் சொல்வான்?

புதுச்சேரியில் இதற்கு இன்னொரு காயமும் இருக்கிறது. 2024 மார்ச்சில் முத்தியால்பேட்டையில் ஒன்பது வயதுச் சிறுமி கொல்லப்பட்டபோது ஊரே தெருவில் இறங்கியது. கஞ்சாவைத் தடுக்காததுதான் காரணம் என்ற கோபம் போராட்டங்களில் ஓங்கி ஒலித்தது. முழு அடைப்பு நடந்தது. அடுத்த மாதமே மக்களவைத் தேர்தல். உள்துறை அமைச்சராக இருந்த நமச்சிவாயம் பா.ஜ.க. வேட்பாளர், காங்கிரஸின் வைத்திலிங்கம் ஜெயித்தார். அந்த ஒரு காரணத்தால்தான் முடிவு இப்படி வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கோபத்தைக் கண்ணால் பார்த்த எந்த அரசியல்வாதியும் இங்கே 'சட்டமாக்கலாம்' என்று பேச மாட்டார்.

வரி போட்டு வித்தா அரசுக்கு வருமானம், கள்ளச்சந்தையும் ஒழியும். இதுல என்ன தப்பு?

வருமானம் வரும். கொலராடோவில் கஞ்சா வரியில் ஆண்டுக்கு முதல் நான்கு கோடி டாலர் பள்ளிக்கூடம் கட்டப் போக வேண்டும் என்று வாக்கெடுப்பிலேயே எழுதினார்கள். நம் அனுபவம் வேறு. மதுவால் தமிழ்நாட்டுக்கு 2023-24-இல் 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் வந்தது. அந்தப் பணம் வரத் தொடங்கிய பிறகு எந்த அரசாலும் அதை விட முடியவில்லை. கடையைக் குறைப்போம் என்று சொன்னவர்களின் பட்ஜெட்டும் அந்தப் பணத்தில்தான் நிற்கிறது.

கள்ளச்சந்தை ஒழியும் என்பதை நாம் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். டாஸ்மாக் எல்லா ஊரிலும் இருக்கும்போதுதான் 2023 மே மாதம் மரக்காணம் பக்கமும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துச் செத்தார்கள். கள்ளக்குறிச்சியில் மட்டும் அறுபதுக்கும் மேல். டாஸ்மாக் விலை கட்டுப்படியாகாத கூலிக்காரர்கள் அவர்கள். வரி ஏறினால் விலை ஏறும், விலை ஏறினால் ஏழைக்குக் கள்ளச்சரக்கு. கலிபோர்னியாவில் 2016-க்குப் பிறகும் உரிமம் இல்லாத கஞ்சா வியாபாரம் பெரிதாக நடப்பதற்கு வரிச்சுமையும் ஒரு காரணம்.

தேர்தல் நேரத்துல கஞ்சா பிடிச்சாங்கன்னு தினமும் நியூஸ் வருதே, ஓட்டுக்குக் கஞ்சா குடுக்கிறாங்களா?

எல்லாம் ஓட்டுக்குக் கொடுக்க வந்தது என்று சொல்ல முடியாது. தேர்தல் காலத்தில் சோதனைச்சாவடிகள் கூடும், வழக்கமாகப் போகும் கடத்தலும் சேர்ந்து சிக்கும். 2024 மக்களவைத் தேர்தலில் முதல் கட்ட வாக்குப்பதிவுக்கு முன்பே பறிமுதலான சுமார் 4,650 கோடி ரூபாய்ப் பொருள்களில் 45 சதவீதம் போதைப்பொருள் என்று தேர்தல் ஆணையம் சொன்னது. அதில் எல்லா வகையும் அடக்கம். யாருக்குப் போனது என்பது வழக்குக்கு வழக்குத் தனியாக நிரூபிக்க வேண்டியது.

என் தம்பி மேல கஞ்சா கேஸ் இருக்கு. நாளைக்கு எம்.எல்.ஏ. தேர்தல்ல நிக்கணும்னு ஆசை. முடியுமா?

வழக்கு நிலுவையில் இருந்தால் நிற்கலாம். வேட்புமனுவோடு தரும் பிரமாணப் பத்திரத்தில் அதைக் காட்ட வேண்டும். தண்டனை வந்துவிட்டால் கதை வேறு. மற்றக் குற்றங்களுக்கு இரண்டாண்டு தண்டனை வந்தால்தான் தகுதியிழப்பு என்று பலருக்கும் தெரியும். ஆனால் 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 8(1) பிரிவில் என்.டி.பி.எஸ். பெயர் சொல்லியே இருக்கிறது. இந்தச் சட்டத்தில் வெறும் அபராதம் விதித்தாலே தீர்ப்பு நாளிலிருந்து ஆறாண்டு நிற்க முடியாது. சிறை என்றால் சிறைக்காலமும், வெளியே வந்தபின் ஆறாண்டும்.

'ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டுப் போயிடலாம்' என்று சிறிய அளவு வழக்கில் யோசனை சொல்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். முதலில் வழக்கறிஞரிடம் கேளுங்கள். பழக்கம் உள்ளவர் தானாக முன்வந்து அரசு அல்லது அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையில் சிகிச்சை எடுத்தால், சிறிய அளவு, புகைத்தது போன்ற குற்றங்களில் வழக்கிலிருந்து விலக்குக் கேட்க என்.டி.பி.எஸ். சட்டத்தின் 64ஏ பிரிவு இடம் தருகிறது. பாதியில் சிகிச்சையை விட்டால் அந்த விலக்குப் போய்விடும். பாதிப் பேருக்கு இப்படி ஒரு பிரிவு இருப்பதே தெரியாது.

நீங்க ஆதரவா, எதிர்ப்பா? நேரா சொல்லுங்க சார்.

கடை திறப்பதை எதிர்க்கிறேன். காரணத்தை வரிக் கேள்வியிலேயே சொல்லிவிட்டேன்: விற்றுப் பணம் பார்க்கத் தொடங்கிய அரசு அதை நிறுத்தாது. நாருக்கும் மருந்துக்கும் கண்டிப்பான உரிமத்தில் வளர்ப்பதை ஆதரிக்கிறேன். விருத்தாசலம் பக்கத்து வறண்ட நிலத்துக்காரருக்கு அது பயன்படுமா என்று வேளாண் துறை சோதித்துப் பார்க்கட்டும்.

புகைத்துப் பிடிபட்ட பையனைச் சிறைக்கு அனுப்புவதை முழு மனதோடு எதிர்க்கிறேன். சிறிய அளவு வழக்கில் மாட்டுபவர்களில் பெரும்பாலோர் கூலிக்குப் போகிறவர்கள், படிப்பை நிறுத்தியவர்கள், மீனவக் குப்பத்துப் பிள்ளைகள். ஆந்திர, ஒடிசா எல்லையிலிருந்து மூட்டை மூட்டையாக ரயிலில் அனுப்புகிற முதலாளியை நான் கோர்ட்டில் பார்ப்பது மிகவும் குறைவு. ஒரு வழக்கு விழுந்தால் அந்தப் பையனுக்கு அரசு வேலைக்கான போலீஸ் சரிபார்ப்பு, பாஸ்போர்ட், வெளிநாட்டு வேலை எல்லாமே சிக்கல். சிகிச்சை கொடுத்திருந்தால் மீண்டிருப்பவன், உள்ளே போய்ப் பெரிய வியாபாரியின் பழக்கத்தோடு வெளியே வருகிறான். இதற்குச் சட்டத்தை அடியோடு மாற்றக்கூடத் தேவையில்லை, 64ஏ பிரிவை ஒழுங்காகப் பயன்படுத்தினாலே பாதி வேலை முடியும்.

அப்ப ஓட்டுக் கேட்டு வர்றவங்ககிட்ட இதைப் பத்தி என்னதான் கேக்கறது?

எம்.எல்.ஏ. வேட்பாளரிடம் சட்டமாக்குவீர்களா என்று கேட்காதீர்கள், அது அவர் கையில் இல்லை. 'ஒரே மாதத்தில் ஒழிப்பேன்' என்றால் எப்படி என்று கேளுங்கள். அவரிடம் கேட்க வேண்டியது: நம் தாலுகாவில் போதை மீட்பு சிகிச்சைக்கு எத்தனை படுக்கை? மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் பணியிடம் நிரம்பியிருக்கிறதா? பள்ளி வாசலில் விற்கிறார்கள் என்று புகார் கொடுத்தவர் பெயரைக் காவல் நிலையத்திலிருந்தே கசிய விடுகிறார்களே, அதற்கு என்ன செய்வீர்கள்?

எம்.பி. வேட்பாளரிடம் நேரடியாகக் கேட்கலாம்: புகைப்பவரைக் குற்றவாளியாக்கும் என்.டி.பி.எஸ். சட்டத்தின் 27-ஆம் பிரிவைத் திருத்த நாடாளுமன்றத்தில் பேசுவீர்களா? பேசுவேன் என்றால், கட்சித் தலைமை வேண்டாம் என்று சொன்னாலும் பேசுவீர்களா?

தேர்தல் வரை காத்திருக்க முடியாத வீடுகளுக்கு: 14446 போதை மீட்புக்கான தேசிய இலவச எண். விற்பனை பற்றித் தகவல் சொல்லவும் ஆலோசனை கேட்கவும் 1933 என்ற எண் இருக்கிறது. புதுச்சேரி ஜிப்மரில் மனநலப் பிரிவு உண்டு. கடலூரிலிருந்து காலை பஸ் ஏறினால் மதியத்துக்குள் பார்த்துவிட்டுத் திரும்பலாம். போகும்போது பையனைத் திட்டிக்கொண்டே கூட்டிப் போகாதீர்கள். பாதி வழியில் இறங்கிவிடுவான்.